ஒற்றையடிப் பாதையும் ஊரார் உரிமையும்

(பாபநாசம் வட்டாரத்து ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைத் தலைவர் அறிவித்தபோது, உங்களில் சிலர் புன்முறுவல் பூத்ததைக் கண்டேன். விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் ஒற்றையடிப் பாதையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று எண்ணியிருப்பீர்கள். அப்படி எண்ணுவதில் தவறில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்? பெரும்பாலோர் பேருந்தில் வந்திருப்பீர்கள். இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்திருப்பார்கள். உங்கள் பாட்டனார் இந்தப் பாபநாசத்துக்கு எப்படி வந்தார்? நடந்து வந்தார். எந்த வழியாக நடந்து வந்தார்? அந்த வழி இன்று எங்கே? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தேடுவதே என் பேச்சு.

தாமிரபரணி பொதிகை மலையிலே பிறந்து, மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடம் இந்தப் பாபநாசம். இங்கிருந்து புன்னைக்காயல் கடல்வரையில் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு ஒன்றுதான் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அவர்கள் வருவதற்கு முன்பே நம் உழைப்பாளிகள் கல்லடுக்கிக் கட்டியவை. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களின் பெயர்களை நம் வட்டாரத்துக் குழந்தையும் சொல்லும்.

கால்வாய் இருந்தால் கரை இருக்கும். கரை இருந்தால் அதில் நடக்கும் மனிதன் இருப்பான். மடை திறக்கவும், உடைப்பு அடைக்கவும், குடிமராமத்துக்கு மண் சுமக்கவும் கரைமேல் நடந்தே தீரவேண்டும். அந்தக் கரைதான் நம் முன்னோரின் பெருவழி. கரையிலிருந்து வரப்புகள் பிரிந்தன. வரப்புகளிலிருந்து களத்துக்கும், ஆற்றுப் படித்துறைக்கும், அடுத்த ஊருக்கும் தடங்கள் பிரிந்தன. எந்தப் பொறியாளரும் வரைபடம் போட்டு அமைத்த பாதைகளல்ல அவை. நடவுக்குச் சென்ற பெண்களின் பாதங்கள் அமைத்த பாதைகள். அறுப்புக்குச் சென்று, கூலி நெல்லைத் தலையிலே சுமந்து, இருட்டுவதற்குள் வீடு சேர விரைந்த கால்கள் அமைத்த பாதைகள்.

பிறகு ஆலை வந்தது. பாபநாசத்து நீர்வீழ்ச்சியின் விசையை நம்பி, ஆர்வி சகோதரர்கள் 1880-களில் இங்கே பஞ்சாலையை நிறுவினார்கள். விக்கிரமசிங்கபுரம் ஆலைத் தொழிலாளர் ஊராக வளர்ந்தது. சங்கு ஊதும் முன்பே சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் புறப்பட்டு வந்ததைப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உழவன் போட்ட வரப்பில் ஆலைத் தொழிலாளி நடந்தான். ஆலைத் தொழிலாளி நடந்த வழியிலேயே பிற்பாடு பீடி சுற்றும் பெண் தட்டைச் சுமந்து கடைக்குச் சென்றாள். இலையும் தூளும் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பினாள். நூறாண்டுத் தொழில் வரலாறு முழுவதையும் அந்த ஓரடி அகல மண் தாங்கியிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, "பழம்பெருமை பேசுகிறீர். இன்றுதான் தார்ச்சாலை இருக்கிறதே! பேருந்து இருக்கிறதே! 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லையே! வரப்பிலே நடக்கவேண்டிய தலையெழுத்து ஏன்?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. சாலை வேண்டும், பேருந்தும் வேண்டும். அவற்றைப் போராடிப் பெற்றவர்கள் நாம். ஆனால் சாலை செய்யும் வேலை வேறு, பாதை செய்யும் வேலை வேறு என்பதை எண்ணிப் பாருங்கள்.

சாலை ஊரை நகரத்தோடு இணைக்கிறது. பாதையோ ஊரை அடுத்த ஊரோடு இணைக்கிறது. ஆற்றுக்கு அக்கரையிலே ஓர் ஊர். அதன் கோயில் கோபுரம் உங்கள் வீட்டு வாசலிலிருந்து தெரிகிறது. கால்நடையாகப் போனால் அரை மணி. பாதை மறைந்துவிட்டால், அம்பாசமுத்திரத்துக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ சென்று, பேருந்து மாறி, சுற்றிக்கொண்டு போகவேண்டும். அரை மணி வேலை அரை நாள் வேலையாகிறது. வண்டி வைத்திருப்பவனுக்கு இது ஒரு பொருட்டன்று. வண்டி இல்லாதவர் யார்? கூலி வேலைக்குப் போகும் பெண், பள்ளிக்குப் போகும் சிறுமி, ஆடு மேய்க்கும் முதியவர், நியாயவிலைக் கடைக்குப் பையோடு போகும் பாட்டி. பாதை மறையும்போது இழப்பு யாருடையது என்பது இப்போது விளங்கும். யாருக்காகப் பேசுகிறோம் என்று நாம் மேடைக்கு மேடை சொல்கிறோமோ, அவர்களுடைய இழப்பு அது.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க முடியாது. தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான பயணிகள் அங்கே சிக்கிக்கொண்டார்கள். சாலை அறுந்தது, தண்டவாளத்தின் அடிமண் கரைந்தது. அந்த நேரத்தில் முதலில் சோறு கொண்டு வந்தவர்கள் யார்? பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள். தலைநகரத்திலிருந்து வரவேண்டிய உதவி வருவதற்குள், அண்டை ஊரின் உதவி வந்துவிட்டது. ஊருக்கும் ஊருக்கும் வழி தெரிந்திருப்பது எதற்கு என்று கேட்போருக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தோழர்களே, பாதைகள் எப்படி மறைகின்றன? ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் வரப்பைச் சீவுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு விரற்கடை. பிறகு முள்வேலி வருகிறது. அதன்பின் கல்தூண் வருகிறது. வயல் மனையாகிறது. விற்பனைப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது 'இதனூடே நடைபாதை உண்டு' என்ற வரி விட்டுப்போகிறது. கர்ணமும் மணியக்காரரும் பரம்பரையாக இருந்த முறை 1980-இல் ஒழிந்தது. அது ஒழிந்ததற்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் எந்த வரப்பு எந்த ஊருக்குப் போகும் என்று அவர்கள் மனத்தில் வைத்திருந்த கணக்கைத் தாளில் ஏற்றிக்கொள்ளாமல் விட்டோம். 1979 முதல் 1987 வரை நடந்த நிலப்பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பல பிழைகள் நேர்ந்தன என்பதை, பட்டா திருத்தத்துக்கு அலைந்த ஒவ்வொரு குடும்பமும் அறியும். தனியார் நிலத்துக்கு நேர்ந்த பிழையைத் திருத்த அந்த நிலத்துக்கு உரியவன் அலைந்தான். பாதைக்கு நேர்ந்த பிழையைத் திருத்த யார் அலைந்தார்கள்? எல்லாருக்கும் உரியது என்பதால் எவரும் அலையவில்லை.

பிறரைக் குற்றம் சொல்லுமுன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கால்வாய்க்குக் கீழே சிறிது நிலம் இருந்தது. அதன் ஒரு பக்கத்து வரப்பு, கூலிக்காரத் தெரு மக்கள் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழி. என் சிறு வயதில் அதில் நால்வர் பாடை சுமந்து நடக்கலாம். நாற்று நடும் ஒவ்வொரு பருவத்திலும் எங்கள் மண்வெட்டி அந்த வரப்பைக் கொஞ்சம் சீவியது. நானும் சீவியிருக்கிறேன். இரண்டு சால் நெல் கூடுதலாக விளையும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. ஒரு கார்த்திகை மாதம், எங்கள் வயலிலேயே நாற்பதாண்டு நடவு நட்ட ஒரு மூதாட்டி இறந்துபோனார். பாடையைச் சுமந்து வந்தவர்களுக்கு வரப்பிலே கால்வைக்க இடமில்லை. முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். ஒருவர் கால் இடறிற்று. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. விழாமல் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. மாறாக, பயிரை மிதித்துவிட்டோமே என்று என் தகப்பனாரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்கள்.

அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் என் தாயார் மண்வெட்டியை எடுத்து என் கையிலே கொடுத்து, "வெட்டின கையாலேயே போட்டுட்டு வா" என்றார். மூன்று நாள் மண் சுமந்து வரப்பைப் போட்டேன். அரசியல் மேடையில் நான் கற்றதைவிட அந்த மூன்று நாளில் கற்றது அதிகம். பாதையை அடைப்பவன் எப்போதும் கொடுமைக்காரனாக இருப்பதில்லை. நம்மைப் போன்றவனாகவே இருக்கிறான். அதனால்தான் அது கண்ணில் படாமல் போகிறது.

ஆனால் எல்லா அடைப்பும் ஆசையால் நேர்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. வேண்டுமென்றே, சாதியின் பெயரால், இன்னார் இந்த வழியே நடக்கக்கூடாது என்று அடைத்த வரலாறு நம் நாட்டுக்கு உண்டு. 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரிலோ நகரிலோ உள்ள எந்தப் பொதுச் சாலையிலும், தெருவிலும், பாதையிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடந்து செல்லத் தடையில்லை என்பது அதன் உள்ளடக்கம். தீர்மானம் நிறைவேறி, அடுத்த மாதமே அரசாணையாயிற்று. மனிதன் பொதுவழியில் நடக்கலாம் என்பதற்கு ஒரு தீர்மானமும் ஓர் அரசாணையும் வேண்டியிருந்த நாடு இது!

அதே ஆண்டு மார்ச் 30 அன்று, திருவிதாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. பெரியார் ஈ.வெ.ரா. அங்கு சென்று இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும் மூன்று பக்கத்துத் தெருக்கள்தாம் திறந்தன. கிழக்குப் பக்கம் அடைபட்டே இருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்த 1936 வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. பழங்கதை என்கிறீர்களா? மதுரை மாவட்டத்து உத்தப்புரத்திலே 1989-இல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது 2008 மே 6 அன்றுதான். இன்றும் சுடுகாட்டுப் பாதைக்காக மனு எழுதாத மாவட்டம் தமிழ்நாட்டில் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மலைக்கு மேலே பாருங்கள். பாபநாசம் அணைக்கு அப்பாலும் இப்பாலும் காணி மக்கள் வாழ்கிறார்கள். அகத்தியர் குடியிருப்பு, சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்பன அவர்களுடைய ஊர்கள். இஞ்சிக்குழிக்குப் போகவேண்டுமானால் அணை நீரைப் படகில் கடந்து, பிறகு காட்டுத் தடத்தில் நெடுந்தொலைவு நடக்கவேண்டும். அங்கே முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுசேர்க்க அஞ்சல் ஊழியர் ஒருவர் அப்படி நடந்து சென்ற செய்தி சில ஆண்டுகளுக்கு முன் நாளேடுகளில் வந்தது. படித்தவர்கள் அந்த ஊழியரைப் பாராட்டினார்கள், பாராட்டுக்கு உரியவர்தான். ஆனால் அந்தத் தடத்தில் நோயாளியைச் சுமந்து நாள்தோறும் நடப்பவர்கள் பற்றி எத்தனை பேர் எண்ணினார்கள்?

1988 முதல் இந்தக் காடு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். காடு வேண்டும், காடு இல்லாமல் தாமிரபரணி இல்லை, தாமிரபரணி இல்லாமல் நாம் இல்லை. வனத்துறை கண்ட இடமெல்லாம் சாலை போடக்கூடாது என்று சொன்னால் அதில் நியாயம் உண்டு. நாம் கேட்பதும் சாலையன்று. காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடத்தை அவர்களுக்கு உறுதிசெய்யுங்கள் என்கிறோம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை முதலிய பொதுத் தேவைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல், கிராம சபையின் பரிந்துரையோடு காட்டுநிலத்தை ஒதுக்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அதைக் கையிலே எடுத்துக்கொண்டு மலை ஏறுவதற்கு ஊழியர்கள் வேண்டும்.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். இங்கிலாந்திலே மான்செஸ்டர் ஒரு பஞ்சாலை நகரம். நம் விக்கிரமசிங்கபுரத்துக்கு மூத்த அக்காள் என்று சொல்லலாம். அதன் அருகே கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தைப் பெருநிலக்காரர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை, நூற்றுக்கணக்கான இளந்தொழிலாளர்கள் தடையை மீறி அதன்மேல் நடந்து ஏறினார்கள். ஐவர் சிறைக்குச் சென்றார்கள். பதினேழு ஆண்டு கழித்து, 1949-இல், நாட்டுப்புறப் பாதைகளுக்கென்று சட்டம் வந்தது. தங்கள் எல்லையிலுள்ள பொதுநடைபாதைகள் எல்லாவற்றையும் கண்டறிந்து வரைபடத்தில் ஏற்றவேண்டும் என்று மாவட்ட மன்றங்களுக்கு அது கட்டளையிட்டது. ஊர்தோறும் மக்கள் நடந்து, குறித்து, பட்டியல் கொடுத்தார்கள். வரைபடத்தில் ஏறிய பாதையை ஒருவர் விருப்பத்துக்கு அடைக்க முடியாது. அவர்கள் செய்ததை நாம் செய்ய முடியாதா?

முடியும். மூன்று வேலைகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, நடப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரிலே வயது முதிர்ந்த ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் அழைத்துக்கொண்டு, அவர்கள் இளமையில் நடந்த வழியெல்லாம் நடந்து பாருங்கள். பெண்ணை அழைக்க மறவாதீர்கள். ஆண் அறியாத வழிகள் அவர்களுக்குத் தெரியும். எங்கிருந்து எங்கே போகிறது, இன்று யார் நடக்கிறார்கள், எந்த இடத்தில் எப்போது அடைபட்டது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது வேலை, ஆவணம் பார்ப்பது. கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். பாதை, வண்டிப்பாதை, வாய்க்கால் புறம்போக்கு என்று எவை பதிவாகியுள்ளன என்று பாருங்கள். புலப்படத்தை இன்று அரசின் இணையதளத்திலேயே காணலாம். பழைய ஆவணம் வேண்டுமானால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்தினூடே போகும் வழியாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம். இருபது ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு நடந்துவந்த வழிக்கு 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் நீதிமன்றத்தில் துணைநிற்கிறது.

மூன்றாவது வேலை, சபையில் வைப்பது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடவேண்டும். உங்கள் பட்டியலைப் படித்துத் தீர்மானமாக்குங்கள். பாதை இரண்டு ஊராட்சிகளைத் தொட்டுச் செல்லும். ஆகவே இரண்டு ஊர்ச் சபைகளிலும் அதே தீர்மானம் வரவேண்டும். அதற்காகவாவது அடுத்த ஊர்த் தோழரைப் போய்ப் பாருங்கள். நடந்தே போய்ப் பாருங்கள். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனுவாகக் கொடுங்கள். புறம்போக்கிலே ஆக்கிரமிப்பு இருந்தால் 1905ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய்த்துறையின் கையில் இருக்கிறது.

இதிலே ஓர் எச்சரிக்கை. கடப்பாரை எடுத்துக்கொண்டு எவருடைய வேலியையும் பிடுங்கப் புறப்படாதீர்கள். சிறு விவசாயியும் நம்மவரே. கால்நடை பயிரை மேய்ந்துவிடும் என்ற அச்சத்தால் வேலி போட்டவரிடம், வேலி இருக்கட்டும், மனிதன் நுழையும் அளவுக்குத் திட்டிவாசல் வையுங்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளாதவருக்குச் சட்டம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், மனம் கசந்தாலும் சொல்லவேண்டும். பட்டியல் எழுதும்போது, அடைத்தவர் பெயரிலே நம் கட்சிக்காரர் பெயரும் வரும். கிளைச் செயலாளரின் உறவினராக இருப்பார்; தேர்தலில் வண்டி கொடுத்தவராக இருப்பார். அந்த இடத்தில் உங்கள் பேனா நின்றுவிடுமானால், இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். எதிர்க்கட்சிக்காரன் அடைத்த பாதையை மட்டும் திறந்து, நம்மவன் அடைத்ததை மறைத்தால், ஊரார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்; சிரிப்பதற்கு உரிமையும் அவர்களுக்கு உண்டு. முதல் வேலி நம் வேலியாக இருக்கட்டும். என் தாயார் என் கையிலே கொடுத்த மண்வெட்டியை நான் உங்களிடம் கொடுப்பது அதற்காகத்தான்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843-இல் பாலம் எழுந்தபோது, அதன் செலவைச் சுலோசன முதலியார் என்ற ஒருவர் தம் சொந்தப் பொருளிலிருந்து கொடுத்தார். இன்றும் அந்தப் பாலம் அவர் பெயரால் நிற்கிறது. நம்மிடம் அவ்வளவு பொருள் இல்லை. நாம் பாலமும் கேட்கவில்லை. ஓரடி மண்ணை விட்டுக்கொடுக்கும் மனமும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஒரு நோட்டுப் புத்தகமும் கேட்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு நான் வரும்போது, கிளைதோறும் எத்தனை உறுப்பினர் சேர்த்தீர்கள் என்று கேட்பதற்கு முன், எத்தனை பாதைகளை எழுதினீர்கள் என்று கேட்பேன். விடையோடு வாருங்கள். இயன்றவர்கள் அந்தப் பாதை வழியாகவே நடந்து வாருங்கள்.